ஒதுக்கீடு வேறு, ஒதுக்கல் வேறு

தேர்வாணைய முடிவு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணை காலியாக இருந்ததே கிடையாது. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் வந்து உட்கார்ந்திருப்பவன் நான். அதில் ஒன்பது வருடம் நியமனப் பிரிவில், எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வரிசையாக எழுதி வைக்கும் இனச்சுழற்சிப் பதிவேட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அது தெரிந்து பாம்பனிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் பிள்ளைகள் ஃபைல் கட்டோடு வருவார்கள். போன முறை வந்த பாம்பன் பெண் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "சார், என்னைவிட எட்டு மார்க் கம்மி அவளுக்கு. அவளுக்கு ஆர்டர் வந்திருச்சு. என்னை ஒதுக்கிட்டாங்க சார்."

அவளுக்கு அரை மணி கழித்து இன்னொருவர் வந்தார். ஐம்பதை நெருங்குகிறவர், மாநில அரசு ஊழியர். தனக்குப் பின்னால் சேர்ந்தவர் தனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்துவிட்டார் என்றார். அவர் சொன்னதும் அதே வார்த்தைதான்: "என்னை ஒதுக்கிட்டாங்க."

ஒரே சொல். ஆனால் இரண்டும் இரண்டு வழக்கு. முதலாவது ஒதுக்கீட்டுக் கணக்கு. சட்டம் சிலருக்காக இடத்தைத் தனியே எடுத்து வைக்கிறது. அந்த இடம் சரியான ஆளுக்குப் போனதா என்பது கேள்வி. இரண்டாவது ஒதுக்கல். வந்த ஒருவரை இன்னார் என்பதற்காகத் தள்ளி வைத்தார்களா என்பது கேள்வி. முன்னதற்குப் பதிவேட்டைத் திறந்தால் போதும். பின்னதற்கு இன்னொரு ஆளை எப்படி நடத்தினார்கள் என்று பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி எழுதியதால் நல்ல வழக்குகள் குப்பைக்கூடைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். சில நேரம் அந்தக் கூடை என் மேஜைக்கு அடியில்தான் இருந்தது.

பதிவேட்டின் இருநூறு வரிகள்

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது எளிது. மீன் ஏலம் போய்ப் பணம் கைக்கு வந்ததும் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். அந்தக் கணக்கு கடலுக்குப் போவதற்கு முன்பே முடிவானது. மீன்பாடு அதிகம் என்பதற்காகவோ, முதலாளிக்கு ஒருவனைப் பிடிக்கவில்லை என்பதற்காகவோ அன்றைக்கு மாறாது. இனச்சுழற்சியும் அப்படித்தான். எந்த இடம் யாருக்கு என்பது, விண்ணப்பம் வருவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட வரிசை.

தமிழ்நாட்டில் மொத்த ஒதுக்கீடு 69 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரித்துச் சொன்னால் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அந்த 18க்குள் 3 சதவீதம் 2009 முதல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு. மீதி 31 சதவீதம் பொதுச்சுற்று.

பதிவேட்டில் ஏன் நூறு வரிக்குப் பதில் இருநூறு வரி இருக்கிறது என்று பல பேர் கேட்பார்கள். இருபத்தாறரை ஆளை நியமிக்க முடியாதே! இருநூறாக்கினால் அரை போய்விடும். பொதுச்சுற்று 62, பிற்படுத்தப்பட்டோர் 53, முஸ்லிம்கள் 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 40, பட்டியல் சாதி 30, அருந்ததியர் 6, பழங்குடியினர் 2. கூட்டிப் பாருங்கள், சரியாக 200 வரும். இந்த இருநூறும் கலந்து கலந்து வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஓர் அலுவலகம் இந்த வருடம் ஐந்து பேரை எடுத்து 46ஆம் புள்ளியில் நிறுத்தியிருந்தால், அடுத்த முறை 47இல் தொடங்க வேண்டும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் அது தவறு.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததில்லை. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வந்த வகுப்புவாரி ஆணைக்கு, 1928இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில்தான் உயிர் வந்தது. அன்றைய சுழற்சி 12 இடம்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. அந்த முறை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அதே ஆண்டே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அப்புறம் 1971, 1980, 1989, 1990 என்று படிப்படியாக மாறி 69 ஆனது. 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் 50 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று தீர்ப்பு வந்ததும், தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டது; 1994இல் நாடாளுமன்றம் 76ஆவது திருத்தத்தின் மூலம் அதை, நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்க முடியாத சட்டங்களுக்கான ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. வரலாறு இவ்வளவு போதும்.

பொதுச்சுற்று யாருடைய இடம்?

இங்கேதான் நின்று பேச வேண்டும். நான் பார்த்த குழப்பத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. பொதுச்சுற்று என்றால் "முன்னேறிய வகுப்பினருக்கான 31 சதவீதம்" என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். இல்லை. அது யாருக்கும் ஒதுக்கப்படாத இடம். எல்லோருக்கும் திறந்த இடம். மதிப்பெண் வரிசையில் மேலே இருக்கிறவர் எந்தச் சாதியானாலும் முதலில் அங்கேதான் உட்கார வேண்டும். உச்ச நீதிமன்றம் 2020இல் சௌரவ் யாதவ் வழக்கில் இதை மறுபடியும் அழுத்திச் சொன்னது.

ஒரு சின்ன உதாரணம். கணக்குக்கு வசதியாகப் பத்து இடம் என்று வைத்துக்கொள்வோம்: பொதுச்சுற்று 3, பிற்படுத்தப்பட்டோர் 3, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 2, பட்டியல் சாதி 2. மதிப்பெண் பட்டியலில் முதல் ஆள் பாம்பன் மீனவப் பையன், இரண்டாவது ஆள் திருப்புல்லாணிப் பட்டியல் சாதிப் பெண், மூன்றாவது ஆள் கீழக்கரை முஸ்லிம் பையன். மூன்று பேரும் பொதுச்சுற்றில் அமர்ந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் அந்தந்தப் பிரிவின் இடங்களைத் தொட வேண்டும். சோம்பேறி அலுவலகம் என்ன செய்யும் தெரியுமா? சாதிச் சான்றிதழைப் பார்த்து, திருப்புல்லாணிப் பெண்ணை நேரே பட்டியல் சாதி இடத்தில் போட்டுவிடும். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அவள் வாய் திறக்க மாட்டாள். ஆனால் அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டிய இன்னொரு பட்டியல் சாதிப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். இதுதான் சத்தமே இல்லாமல் நடக்கிற தவறு.

இதைக் கண்டுபிடிக்க வக்கீல் வேண்டாம். பொதுச்சுற்றில் கடைசியாக எடுக்கப்பட்டவரின் மதிப்பெண்ணைப் பாருங்கள். ஒதுக்கீட்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது அதைவிட அதிகம் வாங்கியிருக்கிறாரா? இருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. உடனே தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில விதிகளில் வயது போன்ற சலுகை பெற்றவரைப் பொதுச்சுற்றில் சேர்க்க மாட்டார்கள். தான் விரும்பிய பதவிக்காகத் தன் பிரிவு இடத்தைக் கேட்டு வாங்கியவராகவும் இருக்கலாம். ஆனால் அலுவலகம் காரணம் சொல்லியாக வேண்டும்.

மேலிருந்து கீழாக வரும் இந்தப் பிரிவுகளுக்குக் குறுக்கே ஓடுகிற ஒதுக்கீடுகளும் உண்டு. பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1989 முதல் 30 சதவீதம்; அதை 40 ஆக்குவதாக 2021இல் அரசு அறிவித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டப்படி 4 சதவீதம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2010 சட்டப்படி 20 சதவீதம். இவை ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குறுக்கே புகுந்து போகும். பெண்களுக்கான பங்கிலிருந்து பத்தில் ஒன்று ஆதரவற்ற விதவைகளுக்கு. இந்தக் கடைசி விஷயம் நம் கரையில் நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. கடலுக்குப் போன ஆள் திரும்பி வராத வீடுகள் எத்தனை இருக்கின்றன இங்கே! அந்தச் சான்றிதழைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். வெறும் இறப்புச் சான்றிதழை இணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் நடக்காது.

சான்றிதழ் என்றதும் இன்னொன்று. சாதிப் பட்டியலில் ஊருக்கும் பங்கு உண்டு. 2021இல் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்த திருத்தத்தில், கடையர் என்ற பெயரை மட்டும் ராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கடலோரப் பகுதி நீங்கலாக என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பட்டியல் சாதிதான். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று இருந்தால் சரிபார்ப்பு மேஜையில் சிக்கல் வரும். அதேபோல மாநில வேலைக்கு வாங்கிய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்கு உதவாது. மத்திய அரசில் ஓ.பி.சி. என்கிற இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதம் பெற, வசதி படைத்த பிரிவில் இல்லை என்று தனிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு 2017 முதல் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். மாநிலத்தில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. மத்திய அரசின் 10 சதவீதப் பொருளாதார ஒதுக்கீடு மாநில வேலைக்கு இங்கே அமலில் இல்லை.

பதவி உயர்வில் கதை மாறும்

மண்டபத்துக்குப் போனால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. 1947இல் அந்த நிறுவனம் தொடங்கியதே இங்கேதான். தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனது. கரையோரம் மாநில மீன்வளத் துறைக்கும் அலுவலகங்கள் உண்டு. இரண்டு பேருக்கும் பேச்சு மீனைப் பற்றித்தான். ஆனால் பதவி உயர்வு என்று வந்தால் இரண்டு அலுவலகத்துக்கும் விதி வேறு. மத்திய அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டு, ஓ.பி.சி.க்கு இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியில் பொதுவாக ஒதுக்கீடு நேரடி நியமனத்தோடு நின்றுவிடுகிறது. "நான் எஸ்.சி., எனக்குப் பதவி உயர்வில் சுழற்சி ஏன் பார்க்கவில்லை?" என்று மாநில ஊழியர் மனு எழுதினால் பதில் ஒரு வரியில் வந்துவிடும். அது கொள்கையை மாற்றச் சொல்லும் கோரிக்கை, நியாயமான கோரிக்கைதான் என்பது என் எண்ணம். ஆனால் அதைப் புகாராக எழுதினால் நிற்காது.

மத்திய அரசிலும் இது சண்டை போட்டுக் கிடைத்ததுதான். 1992 தீர்ப்பு பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்றது. 1995இல் 77ஆவது திருத்தம் அதைத் திறந்துவிட்டது. 2001இல் 85ஆவது திருத்தம், அப்படி உயர்ந்தவருக்குப் பணிமூப்பும் சேர்ந்தே வரும் என்றது. 2006இல் நாகராஜ் வழக்கில், பின்தங்கியிருக்கிறார்கள், போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்று அரசு புள்ளிவிவரம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. பட்டியல் சாதியினர் பின்தங்கியவர்கள் என்பதை மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை என்று 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில் ஒரு முள்ளை மட்டும் எடுத்தார்கள்.

இதையெல்லாம் தாண்டி, சாதி மதம் எதுவானாலும் ஒவ்வோர் அரசு ஊழியருக்கும் உள்ள உரிமை ஒன்று. பதவி உயர்வு கிடைத்தே தீர வேண்டும் என்று யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தன் முறை வரும்போது தன் பெயரைப் பரிசீலித்தே தீர வேண்டும் என்பது அடிப்படை உரிமை. 1999இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒதுக்கல் நடப்பது பெரும்பாலும் இந்தப் பரிசீலனைக்குள்தான். வெளியே பார்த்தால் எல்லாம் விதிப்படி இருக்கும்.

நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த பெண் ஒருவர். உதவியாளர் ஆக வேண்டுமென்றால் துறைத் தேர்வு முடித்திருக்க வேண்டும். பவானிசாகரில் நடக்கும் அரசு ஊழியர் பயிற்சிக்கும் போய் வந்திருக்க வேண்டும். அவர் முறை வந்தபோது கைக்குழந்தை. "எதுக்கும்மா சிரமம், அடுத்த பேட்ச்ல போங்க" என்று அதிகாரி சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. அடுத்த பேட்ச் வந்தது. தேர்தல் வேலை, ஆள் இல்லை, விடுவிக்க முடியாது என்றார்கள். அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு ஆண்களை அதே பேட்ச்சில் விடுவித்தார்கள். அடுத்த வருடம் பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியல் வந்தது. அந்த இருவர் பெயரும் இருந்தன. இவர் பெயர் இல்லை. காரணம்: பயிற்சி முடிக்கவில்லை.

அவர் இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினார். ஓரவஞ்சனை என்ற வார்த்தை அதில் நான்கு இடத்தில் வந்தது. "விதிகளின்படி தகுதி பெறாததால் நிராகரிக்கப்படுகிறது" என்று மூன்று வரியில் பதில் போனது. அந்த மூன்று வரியைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அன்று எனக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. விதி அப்படித்தானே இருந்தது?

இரண்டாவது மனுவில் அவர் புலம்பவில்லை. ஒரு பக்கத்தில் கட்டம் போட்டிருந்தார். யார், எப்போது பணியில் சேர்ந்தார், எந்தப் பேட்ச்சுக்கு விடுவிக்கப்பட்டார், எந்தத் தேதியில் தான் விடுவிக்கக் கேட்டுக் கடிதம் கொடுத்தார், அதன் நகல். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் அலுவலகத்துக்கு வேர்த்துவிட்டது. அடுத்த பேட்ச்சில் அனுப்பினார்கள். பட்டியலில் பழைய இடம் திரும்பக் கிடைக்க மேலும் ஒன்றரை வருடம் ஆனது என்பது வேறு விஷயம்.

அவருக்கு நடந்ததற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது: மறைமுகப் பாகுபாடு. விதி எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் அடி ஒரு சாரார் மேல் மட்டும் விழும். அமெரிக்காவில் 1971இல் கிரிக்ஸ் என்ற வழக்கில் இது நிலைபெற்றது. ஒரு மின் நிறுவனம் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் எழுத்துத் தேர்வும் கேட்டது. அந்த வேலைக்கு அவை தேவை என்று காட்ட முடியவில்லை. கறுப்பினத் தொழிலாளர்களை வடிகட்ட மட்டும் அவை உதவின. எண்ணம் கெட்டதா என்பதைவிட விளைவு என்ன என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். நம் உச்ச நீதிமன்றம் 2021இல், ராணுவப் பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணி கேட்ட நிதிஷா வழக்கில் இதே பார்வையை எடுத்துக்கொண்டது. கடலோரத்துக்கு ஓர் உதாரணம் சொல்வதென்றால், வெறும் கணக்கு எழுதும் வேலைக்கு "சொந்த பைக்கும் லைசென்சும் கட்டாயம்" என்று விளம்பரம் போடுவது. பெண்கள் வேண்டாம் என்று அதில் ஒரு வார்த்தைகூட இருக்காது.

நேரடிப் பாகுபாடும் விதிப்புத்தகத்திலேயே இருந்த காலம் உண்டு. இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா 1979இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதற்குப் பெண் என்பதே காரணம் என்பது அவர் வாதம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். அதனால் மனு முடித்துவைக்கப்பட்டது. ஆனால் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

எங்கே போய்ச் சொல்வது?

முதலில் காகிதம். பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். "எனக்கு ஏன் வேலை தரவில்லை?" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்று கேட்டால் பதில் வராது. இந்த நியமனம் எந்தச் சுழற்சிப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிந்தது, ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக எடுக்கப்பட்டவரின் மதிப்பெண் என்ன, நிரப்பாமல் விட்ட பின்னடைவுப் பணியிடம் எத்தனை, பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் நகல். இப்படிக் கேளுங்கள். பதவி உயர்வு என்றால் பணிமூப்பைக் காட்டும் முதுநிலைப் பட்டியல், தேர்ந்தோர் பட்டியல், உங்கள் பெயர் விடுபட்டதற்கான குறிப்பு. அதிகாரி உங்களைப் பற்றி எழுதும் மந்தணக் குறிப்பில் தரம் குறைத்து எழுதியிருந்தால் அதை உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் துறைக்கு முறையீடு, உரிய வழியாக, நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டு. அதற்கும் அசையவில்லை என்றால்தான் வெளியே. பட்டியல் சாதியினருக்குத் தேசிய ஆணையம் இருக்கிறது. 2021 சட்டத்தின் கீழ் மாநில ஆணையமும் வந்திருக்கிறது. தேசிய ஆணையம் அதிகாரிகளை ஆவணத்தோடு வரவழைக்கும், விசாரிக்கும், பரிந்துரைக்கும். ஆனால் நியமனத்துக்குத் தடை உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. 1996இலேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. தடை வேண்டுமென்றால் நீதிமன்றம்தான். மாநில அரசு ஊழியர்களுக்கு, நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை, 2004இல் வந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மத்திய அரசு ஊழியர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அரசு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிக்குப் பாகுபாடு என்றால் 2016 சட்டப்படி அங்கேயே குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அதிகாரி ஆசைக்கு இணங்கினால் பதவி உயர்வு, இல்லாவிட்டால் இடமாற்றம் என்ற வகைத் தொல்லைக்கு 2013 சட்டத்தின் கீழ் அலுவலக உள்புகார்க் குழு. பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்டக் குழு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

தனியார் வேலை என்று வந்தால் என்னால் இவ்வளவு தைரியமாகப் பேச முடியாது. ராமேஸ்வரத்து விடுதியோ இறால் பண்ணையோ ஐஸ் கம்பெனியோ, எதிலும் இனச்சுழற்சி கிடையாது. தீண்டாமையின் பேரில் வேலை மறுத்தால் 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. அது குற்ற வழக்கு, காவல் நிலையத்தில் தொடங்கும். ஆண் பெண் வேறுபாடு காட்டி ஆள் எடுப்பதையும் சம்பளம் குறைப்பதையும் முன்பு 1976 சம ஊதியச் சட்டம் தடுத்தது, இப்போது அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு தடுக்கிறது. ஆனால் தொண்டிப் பையன் ஒருவனின் பெயரைப் பார்த்துவிட்டு, மதத்துக்காகத் தனியார் முதலாளி வேலை இல்லை என்று அனுப்பினால்? அரசமைப்பின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியாரை நேரடியாகக் கட்டுப்படுத்தும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் 1964 முதலே தனியார் நிறுவனங்களுக்கும் அப்படிச் சட்டம் உண்டு. இடத்தை எண்ணி ஒதுக்குவதில் நாம் கெட்டி, கதவைச் சாத்துகிறவனைத் தட்டிக் கேட்பதில் அவர்கள் கெட்டி என்று எனக்குத் தோன்றும்.

கடைசியாகக் காலம். தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் வழக்கு, பி.எஸ். சதாசிவசுவாமி என்று 1974இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தன்னைவிட இளையவர்களுக்கு 1957இல் கிடைத்த பதவி உயர்வை எதிர்த்துப் பதினான்கு வருடம் கழித்து வந்திருந்தார். ஆறு மாதத்தில், மிஞ்சிப் போனால் ஒரு வருடத்தில் வந்திருக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். தீர்ப்பாயத்துக்கும் கெடு ஒரு வருடம்தான். மனுவுக்கு மேல் மனு போட்டுக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று நினைக்காதீர்கள்.

பாம்பன் பெண்ணுக்கு நாற்பது நாளில் பதில் வந்தது. அந்த எட்டு மார்க் குறைந்தவள் எடுக்கப்பட்டது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில், ஆதரவற்ற விதவைக்கான புள்ளி. கணக்கு சரி. அவள் தாளை இரண்டு முறை படித்தாள். "இது யாருன்னு எனக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடி, அடுத்த குரூப் 4 அறிவிப்பு எப்போது வரும் என்று கேட்டாள்.

ஐம்பதை நெருங்கிய அந்த மாநில அரசு ஊழியரிடம் நான் அன்று கேட்டது ஒரே கேள்வி. தேர்ந்தோர் பட்டியல் வந்தது எந்த மாதம்? "போன ஆடியில சார். ரெண்டு தடவை மனு கொடுத்திருக்கேன், பதில் இல்ல." அப்போது வைகாசி பாதி ஓடியிருந்தது. விரல்விட்டு எண்ணினேன். பத்து மாதம் தாண்டியிருந்தது. வீட்டுக்காரியிடம் வெள்ளைத்தாள் கொண்டுவரச் சொல்லி, கட்டம் போட ஸ்கேலைத் தேட ஆரம்பித்தேன்.